தொண்ணூறுக்குக் கீழே

வியாழக்கிழமை மூன்றாம் பாடம். ஒன்பதாம் வகுப்பில் நின்றிருந்தேன். அந்தோனி அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார். "டீச்சர் போயிட்டாங்க" என்றார். தன் மனைவியை அவரும் டீச்சர் என்றுதான் சொல்வார். பிள்ளைகளை அடுத்த பாடத்தை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். அவர்கள் வாசித்து முடித்த பிறகும் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

லூர்து டீச்சரிடம் கணக்குப் படித்தவர்கள் கொட்டகலையைச் சுற்றி எல்லாத் தேயிலைத் தோட்டங்களிலும் இருக்கிறீர்கள். ஒரு வருடம் மண்சரிவு எச்சரிக்கையால் லயத்து வீடுகளிலிருந்த தொழிலாளர் குடும்பங்கள் எங்கள் பாடசாலையில் வந்து தங்கியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. வகுப்பறை இல்லையே என்று நாங்கள் கையைப் பிசைந்தோம். அவர் சமையல் நடந்த கொட்டகையின் ஓரத்தில் கரும்பலகையைச் சாய்த்து வைத்தார். "ஒரு மூல போதுங்க, நான் குள்ளந்தானே" என்றார். புகையில் இருமி இருமியே பரீட்சை வரை படிப்பித்தார்.

நுரையீரல் தழும்பேறிச் சுருங்கி வருவதாகப் போன வருடம் டொக்டர் சொன்னார். விரலில் மாட்டினால் இரத்தத்தில் ஒட்சிசன் அளவைக் காட்டும் ஒக்சிமீட்டரை வீட்டில் வைத்துக் காலையும் மாலையும் பார்க்க வேண்டும். எண் தொண்ணூறுக்குக் கீழே போய் ஏறாமல் நின்றால் உடனே கொண்டுவர வேண்டும். அண்ணனுக்குக் கண்ணில் புரை. அதனால் பக்கத்து வீட்டிலிருந்த நான்தான் வாசித்துச் சொல்வேன்.

ஒரு குளிர் காலையில் எண்பத்து நான்கு காட்டியது. ஆட்டோவைக் கூப்பிட எழுந்தேன். டீச்சர் சூடான பிளேன்டீ கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "விரல் சில்லுன்னு இருந்தா அது கொறச்சுத்தான் காட்டுமாம், ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க" என்றார். சற்று நேரத்தில் தொண்ணூற்று மூன்று. இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைக்கப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை பாடசாலை விட்டு வந்து டீச்சர் விரலில் மாட்டினேன். எண்பத்து மூன்று. வெளியே மழை, கையும் சில்லென்றிருந்தது. சூடான கோப்பையைக் கொடுத்தேன். விரல்களைத் தேய்த்தேன். வேறு விரலில் மாட்டினேன். பெட்டரியை மாற்றினேன். எண்பத்து இரண்டு. கடைசியில் என் விரலில் மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்று எட்டு. டீச்சரும் அதை எட்டிப் பார்த்தார். "மெசின்ல பிழ இல்ல" என்றார், மூச்சை இழுத்து இழுத்து. அதற்குள் அரை மணித்தியாலம் போயிருந்தது.

அண்ணன் ஓடிப்போய் ஹட்டன் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூட்டி வந்தார். டீச்சரின் விரலைப் பிடித்தபடி எண்ணை வாசித்துக்கொண்டே போனேன். எழுபத்தொன்பது. எழுபத்தாறு. வாசிப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. லூர்து டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, "நம்பர் வேணாம் டீச்சர். எங்க வந்திருக்கோம், அதச் சொல்லுங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் இறங்கியதுமே ஒட்சிசன் வைத்தார்கள். மறுநாள் காலை உயிர் பிரிந்தது. அந்த அரை மணித்தியாலத்தால் எதுவும் மாறியிருக்காது என்று டொக்டர் சொன்னார். எனக்காகச் சொன்னாரா, உண்மையா, தெரியவில்லை. அண்ணன் இதுவரை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

எனக்கென்று இருப்பது அந்தப் பயணத்தில் அவர் கடைசியாகச் சொன்னது. மழைக்கு இறக்கிவிட்ட திரைக்கு வெளியே பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லை. அவரைத் தேற்றுவதற்காக, ஹட்டன் வந்துவிட்டது என்று பொய் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்: "இல்லங்க, இன்னும் ரெண்டு வளைவு இருக்கு."