நட்சத்திரம் பொருந்தலங்குது

மலர்க்கொடியைப் பற்றிக் கேட்டால் எங்கள் சிமென்ட் ஆலையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாதி புளுகு. அன்றைக்கு அவள் பக்கத்தில் நின்றவன் டைம் ஆபீஸ் கிளார்க் அமிர்தலிங்கமாகிய நான். அதனால் நான் சொல்வதை மட்டும் நம்பினால் போதும்.

கல்லங்குறிச்சிப் பெண். அப்பா அங்கமுத்து சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைத்தவர். இவள் டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்து, பெரம்பலூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டரும் படித்து, எண்பத்தொன்பதில் எங்கள் ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். அப்போது இருபத்தெட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை யாராவது பெண் பார்க்க வந்துபோவார்கள். திங்கள் காலை "என்னம்மா ஆச்சு?" என்று ஆபீசே கேட்கும். "நட்சத்திரம் பொருந்தலயாம்" என்பாள். வேலை நிரந்தரமில்லை என்பதைத்தான் அவர்கள் அப்படி மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷம் மெட்ராசிலிருந்து ஒரு பெரிய கம்ப்யூட்டர் வந்தது. சிமென்ட் சூளையின் படம் திரையில் தெரியும். எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று காட்டும். கொண்டுவந்த இன்ஜினியர் குனிந்து எதையோ தட்டினார், படம் வந்தது. என்ன தட்டினார் என்று ஒருவருக்கும் சொல்லாமல் ரயிலேறிவிட்டார். பெரிய மனுஷன்.

மேனேஜர் ராசாங்கம் மலர்க்கொடியைக் கூப்பிட்டார். "இருபதாம் தேதி டைரக்டருங்க வராங்க. அன்னிக்கு படம் தெரிஞ்சா இந்த மிஷினுக்கு நீதான் பர்மனென்ட் ஆளு. தெரியலன்னா மிஷினும் மெட்ராசுக்குப் போயிடும், நீயும் வூட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

அதுவரை அணையாமல் ஓடிய மிஷின், சரியாக இருபதாம் தேதி காலை கரண்ட் போனதும் அணைந்தது. கரண்ட் வந்தது, படம் வரவில்லை. கறுப்புத் திரை பேரைக் கேட்டது, கொடுத்தாள். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தாள்; இந்த இரண்டை மட்டும் இன்ஜினியர் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். எல்லாம் வாங்கிக்கொண்டு, ஒரு சதவீதக் குறியை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா நின்றது.

நான் மெட்ராசுக்கு ட்ரங்க் கால் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து இன்ஜினியர் கிடைத்தார். "படம் தானா வராது சார், நாமதான் கூப்பிடணும்" என்று சொல்லி, சதவீதக் குறிக்குப் பக்கத்தில் அடிக்கவேண்டிய சொல்லை எழுத்தெழுத்தாகச் சொன்னார். பிறகு ஒரு கட்டம் திறக்கும், அதில் சூளையின் பேரை அடிக்கவேண்டும் என்றார். எழுதி முடிக்கவும் லைன் அறுந்தது. சீட்டை மலர்க்கொடியிடம் கொடுத்துவிட்டு, டைரக்டர்களுக்காக வாங்கி வைத்து, வாடத் தொடங்கிய மாலைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, முன்னால இருக்கறது இன்டூவா?"

"ஆமா ஆமா" என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

கணக்கில் போடும் இன்டூவுக்குக் கம்ப்யூட்டரில் நட்சத்திரக் குறிதான் என்று பெரம்பலூரில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் ஒரு நட்சத்திரம் போட்டு, பின்னால் இனிட் என்று அடித்தாள். 'நோ மேட்ச்' என்றது கம்ப்யூட்டர்.

மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். "ஸ்டேஷன்லேருந்து கார் கெளம்பிடுச்சு. என்னம்மா சொல்லுது?"

"நட்சத்திரம் பொருந்தலங்குது சார்."

"உன் கல்யாணத்தப் பத்தியா இப்பக் கேட்டேன்?"

"கம்ப்யூட்டர்தான் சார் சொல்லுது."

மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே பதில். வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னதையே இதுவும் சொல்கிறதே என்று அவள் கண் கலங்கிவிட்டது. இன்னொரு ட்ரங்க் காலுக்கு நேரமில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நட்சத்திரம் பொருந்தலன்னா பேர் பொருத்தம் பார்ப்பாங்கல்ல. அந்த இன்ஜினியர் என்ன பேர் சொன்னாரு? வாயால சொல்லுங்க."

"எக்ஸ்இனிட்."

"எக்ஸா? நீங்க எழுதியிருக்கறது இன்டூ."

"என் எக்ஸ் அப்படித்தான் இருக்கும்" என்றேன். தப்பு என்னுடையது என்று நான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

எக்ஸ் போட்டு அடித்தாள். திரை ஒருமுறை இருண்டு, பிறகு சாம்பல் நிறமாக விரிந்தது. நட்டநடுவில் ஒரு பெருக்கல் குறி வந்து நின்றது. "பாத்தியா, இன்டூ! நான் என்ன எழுதினேன்?" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. மூலையில் சின்னதாக ஒரு கட்டம் திறந்தது. அதில் சூளையின் பேரை அடித்தாள். படம் வந்தது. டைரக்டர்கள் உள்ளே நுழைந்தபோது, மாலையை அவர்களுக்குப் போடுவதா மலர்க்கொடிக்குப் போடுவதா என்று ஒரு நொடி எனக்கே குழப்பமாகிவிட்டது.

அடுத்த மாதம் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பழத்தோடு அங்கமுத்து வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் திருமழபாடி ஆண்டாயி வந்து உட்கார்ந்திருந்தார். நான்கு மாதம் முன்பு தன் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு, நட்சத்திரம் பொருந்தவில்லை என்று போனவர்.

"ஜோசியருகிட்ட மறுபடி கேட்டோம் கண்ணு. நட்சத்திரம் போனாப் போவுது, பேர் பொருத்தம் பிரமாதமா இருக்காம்" என்றார்.

மலர்க்கொடி அவர் கையில் காப்பியைக் கொடுத்தாள். "நானும் பார்த்துட்டேங்க. நோ மேட்ச்."

ஆண்டாயி என் பக்கம் திரும்பினார். "அப்படின்னா என்னாங்க?"

"நட்சத்திரம் பொருந்தலயாம்" என்றேன்.