அரவை நின்ற மாதங்களின் வெந்நீர்

என் மேசைமீது வெகுகாலம் ஒரு சக்கைக்கட்டை கிடந்தது. கரும்புச் சக்கையை உலர்த்தி, இயந்திரத்தில் அழுத்தி, உருளையாக வெட்டி எடுத்த எரிபொருள். காகிதம் பறக்காமலிருக்க அதை அங்கே வைத்தவர் எங்கள் தலைமைப் பொறியாளர். நாங்கள் அக்கா என்போம். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு போட்ட குடும்பத்துப் பெண். ஒரு கட்டடம் எழும்பும் முன்பே அது ஆண்டு முழுக்க எவ்வளவு மின்சாரமும் எரிபொருளும் தின்னும் என்று கணினியில் கணக்கிட்டுப் பசுமைச் சான்றுக்கு அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு.

கல்வராயன் மலையில் ஓர் அறக்கட்டளை கட்டவிருந்த மாணவியர் விடுதி எங்களிடம் வந்தது. குளிக்க வெந்நீர் போடும் கொதிகலனுக்குச் சக்கைக்கட்டை என்றது திட்டம். வழக்கம்போல் ஆண்டு முழுவதற்கும் அந்த ஒரே எரிபொருளைப் போட்டோம். கழிவிலிருந்து வருவது என்பதால் கட்டடத்தின் புகைக்கணக்கு ஏறவில்லை. சான்றில் முதல் தரம் கைக்கு வந்த மாதிரிதான். அக்கா திரையைப் பார்த்தார். "ஏம்பா, ஆடியிலேர்ந்து கார்த்திகை வரைக்கும் சக்கர மில்லு ஓடாதே. அப்ப இன்னா எரிப்பாங்க?"

அறக்கட்டளைச் செயலாளரிடமே கேட்டோம். "காட்டு வெறகுதாங்க. அதுவும் நனைஞ்சிட்டா கொஞ்ச நாளு பச்சத்தண்ணி. இன்னா பண்றது?" என்றார். ஐப்பசி மழையில், அந்த மலையில், விடியற்காலையில் பச்சைத்தண்ணீர்! சொன்னவர் ஒருநாள் குளித்துப் பார்த்தால் தெரியும். அக்கா கணினிக்குத் திரும்பினார். அரவை இல்லாத மாதங்களுக்கு விறகு என்று பிரித்துப் போட்டார். புகைக்கணக்கு ஏறியது; முதல் தரம் போயிற்று.

மறுநாளே செயலாளர் நேரில் வந்துவிட்டார். முதல் தரம் இல்லையென்றால் நன்கொடையாளர் கையை விரித்துவிடுவார், விடுதியே வராது என்று கெஞ்சினார். "ஒரு வரிதானம்மா, பழையபடி மாத்திடுங்களேன்." எங்களுக்கே மனம் இளகிற்று. அக்காவுக்கு இளகவில்லை. "மாத்தறேங்க. சக்கைய நனையாம அடுக்கக் கொட்டாய் கட்டுங்க. மில்லு ஓடறப்பவே வாங்கி ரொப்புங்க. அது வரைபடத்துல வரட்டும், நானே மாத்தறேன்." முணுமுணுத்துக்கொண்டே போனவர், செலவைச் சரிக்கட்ட முகப்பு வளைவை விட்டுவிட்டுக் கொட்டகையைச் சேர்த்தார். சான்றும் கிடைத்தது.

விடுதி திறந்தபோது அக்கா இல்லை. மாரடைப்பு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த ஐப்பசியில் மலைக்குப் போனேன். விடாத மழை. கொட்டகையில் கட்டைகள் கூரைவரை காய்ந்து கிடந்தன. கொதிகலனருகே வாளியோடு வந்த ஒரு சிறுமி குழாயைத் திறந்தாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது. "ஐய, இன்னா இப்டி கொதிக்கிது!" என்று அலுத்துக்கொண்டு, பச்சைத்தண்ணீர் கலக்கப் போனாள். அந்த அலுப்பைக் கேட்க அக்கா இருந்திருக்கலாம்.

பையில் கொண்டுபோயிருந்த மேசைக்கட்டையை எடுத்து அடுப்பில் போட்டேன். சட்டென்று பற்றிக்கொண்டது. எங்கள் கணக்கில் வராத ஒரே கட்டை அதுதான். அக்கா இருந்திருந்தால் அதையும் சேர்க்கச் சொல்லியிருப்பார்.