பட்டாசு ஊர்க்காரன் காது

என் இடது காது செத்தது மார்ட்டர் பயிற்சி நடந்த பொட்டல்ல. ஆனா பட்டாளத்து டாக்டருக முடிவுப்படி அது செத்தது எங்க ஊரு எம். புதுப்பட்டியில, தீபாவளி லீவுல. இன்னைக்கு வரைக்கும் அந்த முடிவுதான் நிக்கிது. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு மனுசன் இருக்கார். அவரைப் பத்தித்தான் சொல்லப்போறேன். சொல்லையில வாய்ல ஏதாச்சும் வந்துட்டா பொறுத்துக்கிடுங்க.

எங்க வீட்ல அம்புட்டுப் பேரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவுகதான். அப்பாவுக்கு வெடிமருந்து ரூம்ல வேலை. எந்தப் பிள்ளையும் அந்தக் கேட்டைத் தாண்டக்கூடாதுன்னு அவுக பிடிவாதமா நின்னதுல நான் பட்டாளத்துக்குப் போனேன். அங்க வடக்க, பாசை புரியாம முழிச்சுக்கிட்டுக் கெடந்தப்ப, "ஏலே, நம்ம சில்லாவாலே நீ?"ன்னு ஒரு குரல் கேட்டுச்சு. விருதுநகருக்கு மேற்க, கெணறும் கரிசக்காடுமா வாழ்ந்த குடும்பம் அவருது. சுபேதார். எல்லாரும் சாப்னு கூப்பிடுவாங்க, நான் மட்டும் ஆள் இல்லாத எடத்துல அண்ணேம்பேன். ஊர்ல இருந்திருந்தா அவுக வீட்டு வாசலுக்கு வெளிய நின்னுதான் நான் பேசியிருக்கணும். லீவுக்கு வரையில ரெண்டு பேரும் ரயில்ல ஒரே பொட்டலத்துல சோறு தின்னோம். அதுலேயே நான் கவுந்துட்டேன்.

அன்னைக்கு மார்ட்டர் பயிற்சிக்குப் பொறுப்பு அவர்தான். காதுல வைக்கிற அடைப்பான் எல்லாருக்கும் பத்தல. "பஞ்ச வச்சுக்கிடுலே, ஒண்ணும் ஆகாது"ன்னார். வச்சுக்கிட்டேன். குண்டைக் குழாய்க்குள்ள விடுறவன் நான். விட்டுட்டுக் காதைப் பொத்திக் குனியணும். நான் விடுறதுக்கு முன்னயே அவர் போடச் சொல்லிக் கையைக் காட்டிட்டார். பக்கத்துக் குழாய்க்காரன் போட்டுட்டான். எனக்கு இடது பக்கமா அந்தச் சத்தம் மண்டைக்குள்ள எறங்குச்சு. அதுக்கப்புறம் ஒரே ரீங்காரம். பஞ்சை எடுத்தா ரத்தம். அவர் ஓடியாந்து தன் கைக்குட்டையால தொடைச்சுவிட்டார். நமக்காக இப்பிடித் துடிக்கிறாரேன்னு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. மடப்பய நான்!

பட்டாளத்துல ஒவ்வொரு உடம்புக்கும் நம்பர் உண்டு. மனசு, காது, கைகால், உள்ளுறுப்பு, கண்ணு, இந்த அஞ்சுக்கும் ஒண்ணு ஒண்ணுன்னு போட்டாத்தான் முழு ஆளு. எதுலயாச்சும் ரெண்டு, மூணுன்னு ஏறிருச்சுன்னா லோ கேட்டகிரி. அப்பிடி ஆனவனுக்குப் பதவி உயர்வு கிடையாது. உக்காந்து பாக்குற வேலை ஏதும் காலியா இல்லைன்னா வீட்டுக்கே அனுப்பிருவாங்க. எனக்கு அப்ப ஹவில்தார் ஆகுறதுக்கான தேர்வு நெருங்கிக்கிட்டு இருந்துச்சு. அவர் அதையேதான் பிடிச்சார். "ஆஸ்பத்திரிக்குப் போயிராத தம்பி. போனா கேட்டகிரிய எறக்கிப்புடுவான். நாள்போக்குல தன்னால சரியாயிரும். நான் இருக்கேன்ல?" அப்பிடின்னார். அந்த ‘நான் இருக்கேன்ல’வை நம்பி நான் போகல.

வருசா வருசம் டாக்டர் பாப்பார். காதுக்குச் சோதனை ரொம்பச் சாதாரணமானது. அவர் தள்ளி நின்னு குசுகுசுன்னு ஒரு வார்த்தை சொல்லுவார், நாம ஒரு காதைப் பொத்திக்கிட்டு அதைத் திருப்பிச் சொல்லணும். "இடது காதுக்குப் பாக்கையில வலது காதை லேசாப் பொத்துலே. விரல் மேலோட்டமா இருக்கட்டும்"னு இந்த மனுசன்தான் வித்தை சொல்லிக் குடுத்தார். அடுத்தடுத்து ரெண்டு தடவை அப்பிடியே தப்பிச்சேன். ரெண்டு தடவையும் முதுகுல தட்டிக் குடுத்தார். காது மட்டும் சரியாகல. வீட்ல என் சம்சாரத்துக்கு மட்டும் சொல்லியிருந்தேன். உலகத்துல வேற யாருக்கும் தெரியாது, அவரைத் தவிர.

மூணாவது தடவை வந்த டாக்டர் புது ஆளு. கூப்பிட்ட பக்கம் பாக்காம நான் வேற பக்கம் திரும்புனதைக் கவனிச்சுட்டார் போல. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிட்டார். அங்க கண்ணாடி ரூம்புல உக்கார வச்சு ரெண்டு காதுலயும் மிசினை மாட்டி, கையில ஒரு பொத்தானைக் குடுத்தாங்க. சத்தம் கேட்டா அமுக்கணும். வலது காதுக்கு அமுக்கிக்கிட்டே இருந்தேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் வரல. மிசின் நின்னுருச்சுன்னு நெனச்சு நிமிந்து பாத்தா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் என்னையவே பாத்துக்கிட்டு இருக்கான். மிசினை ஏமாத்த முடியுமா?

தற்காலிக கேட்டகிரி போட்டு, மறுபடி பாத்து, கடைசியில போர்டு வச்சாங்க. மூணு டாக்டருக. காது போனது போனதுதான், அதுல அவுகளுக்குச் சந்தேகமே இல்ல. எதனால போச்சுங்கிறதுதான் கேள்வி. பட்டாளத்து வேலையால போச்சுன்னு எழுதுனா, வீட்டுக்கு அனுப்புனாலும் ஊனப் பென்சனோட, மரியாதையா அனுப்புவாங்க. சொந்தக் கோளாறுன்னு எழுதுனா வெறும் ஆளா வரணும். நான் தைரியமாத்தான் போனேன். நடந்ததைப் பாத்த சுபேதார் இருக்காரே, நம்ம அண்ணன்!

தலைவரா இருந்த டாக்டர் நல்லாச் சிரிச்ச முகம். "எந்த ஊரு?"ன்னு இந்தியில கேட்டார். வெளியூர்ல நாங்க யாரும் புதுப்பட்டி, நாரணாபுரம்னு சொல்றதில்ல. ஒரு பயலுக்கும் தெரியாது. சிவகாசின்னேன். "அடேயப்பா, பட்டாசு! சின்னப் பிள்ளையிலருந்து வெடிச்சுக்கிட்டே இருப்பியே?" எங்க ஊர்க்காரன் எவன்கிட்டக் கேட்டாலும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். சிரிச்சுக்கிட்டு, "ஆமா சாப், பொறந்ததுலருந்து வெடிச்சத்தந்தான்!" யூனிட்ல எனக்குப் பட்டப்பேரே பட்டாசு. வாய்ப்பழக்கம், சொல்லிப்புட்டேன். அவரும் தலையாட்டிக்கிட்டே எழுதிக்கிட்டார்.

எழவு, உண்மை என்னன்னு அவருக்கு யார் சொல்றது? பட்டாசு செய்யிற ஊரு மாதிரி அமைதியான ஊரு கெடையாது. எங்க பக்கம் பட்டப்பகல்ல ஒரு வெடிச்சத்தம் கேட்டா, அடுப்புல கெடக்கிறதை அப்பிடியே போட்டுட்டுப் பொம்பளைக தெருவுக்கு ஓடியாருவாக. எந்தக் கம்பெனி, யாரு வேலைக்குப் போயிருக்கான்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு விசாரிப்பாக. தீபாவளிக்கு எங்கப்பா வீட்ல ஒரு சரம்கூடக் கொளுத்த விட்டதில்ல. வருசம் பூராம் பாக்குற சனியனை அன்னைக்குமாடான்னு வைவாக.

அப்புறந்தான் அந்த டாக்டர் சொன்னார். "போன ரெண்டு வருசச் சோதனையிலயும் உன் காது நல்லாத்தான் இருந்திருக்கு. பிறகு நீ தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போயிருக்க. வந்த பின்னால காது போயிருக்கு." நான் பதறிப்போயி மார்ட்டர் கதையைச் சொன்னேன். பஞ்சு, ரத்தம், பக்கத்துக் குழாய், எல்லாத்தையும் சொன்னேன். அவர் பொறுமையாக் கேட்டார். "யூனிட்ல விசாரிச்சாச்சு. அப்பிடி எதுவும் நடக்கலைன்னு உங்க சுபேதாரே சொல்லியிருக்கார். உன் ஊர்ப்பக்கத்து ஆளாம்ல? லீவுல நீ பட்டாசு வெடிக்கிறதுல பெரிய ஆளுன்னும் அவர்தான் சொன்னாராம்."

எனக்கு ரெண்டு காதும் அடைச்சாப்புல ஆயிருச்சு.

சொந்தக் கோளாறுன்னே எழுதிட்டாங்க. பென்சன் இல்லாம வீட்டுக்கு வந்து சேந்தேன். தாயில்லாப் பிள்ளை மாதிரி கொஞ்ச நாள் சுருண்டு கெடந்தேன். பிறகு விருதுநகர் பக்கம் சூலக்கரைக்குப் போயி முன்னாள் படைவீரர் ஆபீஸ்ல கேட்டேன். மேல்முறையீடு செய்யலாம், ஆனா அங்கன கூட இருந்த யாராச்சும் நடந்தது நெசம்னு சொல்லணும்னாங்க. மத்தவனுக எல்லாம் இன்னும் பட்டாளத்துல, சுபேதார் சொன்னதை மீறி எவனும் வாயத் தொறக்கமாட்டான். சுபேதார் அதுக்குள்ள ரிட்டயராகி வந்து, காட்டுல பருத்தி போட்டுக்கிட்டு இருந்தார். என் சம்சாரம், "போகாதீக. அந்த மூஞ்சியில முழிக்கணுமா?"ன்னா. எனக்கோ ஒரு நப்பாசை. மேல இருக்கிற எவனாச்சும் மெரட்டியிருப்பான், நேர்ல போயி நின்னா மனசு எளகும்னு நெனச்சேன்.

போனேன். "வா தம்பி, வா, சாப்பிட்டியா?"ன்னு கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனார். அவுக வீட்டுக்குள்ள நான் காலு வச்சது அதான் மொத தடவை. ஒரு நாற்காலியில உக்கார வச்சார். அவுக வீட்டம்மா எனக்கு இடது பக்கமா இன்னொரு நாற்காலியைப் போட்டுட்டுக் காப்பி போட உள்ள போனாக. அவர் அதைத் தூக்கிக்கிட்டு எனக்குப் பின்னால சுத்தி வந்து, வலது பக்கமாப் போட்டு உக்காந்தார்.

நான் வந்த விசயத்தைச் சொன்னேன். "அண்ணே, நடந்ததை மட்டும் சொல்லுங்க. கையைக் காட்டுனது யாருன்னு நான் எந்தக் காலத்துலயும் கேக்கமாட்டேன்"னேன். அதையும் விட்டுக் குடுத்தேன். இதுக்கு மேல ஒரு மனுசன் எறங்க முடியுமா?

அவர் மூஞ்சியைச் சோகமா வச்சுக்கிட்டு, "நான் என்ன தம்பி பொய்யா சொன்னேன்? உனக்குக் காதுல கோளாறு இருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நீ ஒரு வார்த்தை சொல்லலியே. இப்பிடி வந்து நின்னு சொல்லித்தான எனக்கே தெரியிது"ன்னார்.

அந்த வீட்டுக்குள்ள நான் சத்தம் போடல. எனக்கே ஆச்சரியந்தான்.

"அப்புறம் எதுக்குண்ணே நாற்காலியத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வந்தீக?"ன்னு கேட்டேன்.

அவர் நாற்காலியப் பாத்தார். என்னையப் பாத்தார். எந்திரிக்கவும் முடியல, உக்காரவும் முடியல அவருக்கு. வீட்டம்மா காப்பியக் கொண்டாந்து வச்சுட்டு, ரெண்டு பேர் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்தாக.

"ஆறுது, குடி"ன்னார். ரொம்பத் தணிச்சுத்தான் சொன்னார். பக்கத்துல இருந்ததால எனக்கு நல்லாவே கேட்டுச்சு.