ஏச்சு வாங்கின உத்தியோகம்

பலெர்மோவில் கிட்டார் பட்டறையொன்றில் கூட்டித் துடைக்கச் சேர்ந்த முதல் நாள், மேசைக் கரையில் செம்பட்டை மயிர் சுருளாகக் கிடந்தது. அந்த மேசையில் வேலை செய்கிற சிஞ்ஞோரா ரொசாலியாவுக்கும் செம்பட்டைத் தலை. மனுசிக்கு மயிர் கொட்டுகிறது, பாவம் என்று அள்ளிக் குப்பையில் போட்டேன். அது செப்புக் கம்பி.

"உனக்குக் கண் இல்லையோ?" என்றா ரொசாலியா.

"கண் இருக்கு சிஞ்ஞோரா. படிப்புத்தான் இல்லை."

அது தொண்ணூறுகள். பழைய எலெக்ட்ரிக் கிட்டாரின் சத்தத்துக்குப் பணக்காரர் பைத்தியமாக அலைந்த காலம். அந்தச் சத்தத்தைப் பிடிப்பது தந்திகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப். அதற்குள் மயிர் போன்ற கம்பியைக் காயிலாகச் சுற்ற வேண்டும். ரொசாலியாவும் அவவுக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்கிற நூன்சியாவும் குமரிகளாக வடக்கே போய், கிட்டார் ஃபாக்டரியில் அதைத்தான் சுற்றினவர்கள். கடைச் சுவர் முழுக்க அந்தக் கிட்டார்களை 'உருவாக்கிய' ஆம்பிளைகளின் படம். சுற்றின பெண்கள் இருவரும் சுவருக்குப் பின்னால் இருந்தார்கள்.

மோட்டர் சுழலும், கம்பி விரலிடுக்கால் வழுகும், வாய் ரொசாலியாவின் மருமகனைத் தின்னும். மூன்றும் நிற்பதில்லை.

ஒருநாள் மிலானிலிருந்து பெரிய ஓர்டர் வந்தது. முதலாளி சால்வோவுக்கு ஒழுக்கம் பிறந்தது.

"இண்டையிலிருந்து ரெண்டு பேரும் கதைக்கக் கூடாது. வேலை மட்டும்."

கதை நின்றது. கம்பி அறுந்தது. திரும்பச் சுற்ற, திரும்ப அறுந்தது. முதலாளி கடல்காற்றைக் குறை சொன்னார், கம்பியைக் குறை சொன்னார், கடைசியில் என்னிடம் வந்தார்.

"நீ கிளப்பிற தூசிதான். வெள்ளிக்கிழமைக்குள்ள சரிவராட்டி நீ வேறை இடம் பார்."

வேலை போனால் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க ஏலாது. அது இல்லாமல் இத்தாலியில் இருக்க ஏலாது. நான் நூன்சியாவிடம் ஓடினேன்.

"ஏன் சிஞ்ஞோரா அறுகுது?"

"வாய் சும்மா இருந்தா கண் விரலைப் பாக்கும். பாத்தா விரல் பயந்து இறுக்கும். பிறகு அறாமல் என்ன செய்யும்? ஃபாக்டரியிலயும் ஒரு ஃபோர்மன் எங்களை வாயை மூடச் சொன்னவன். ஒரு கிழமைதான் தாங்கினான்."

"பிறகு?"

"பிறகு அவனே வந்து, என்ன புதினம் எண்டு கேட்டான்."

சால்வோவிடம் இதைச் சொன்னேன். "கூட்டிறவன் எனக்குப் படிப்பிக்கிறானோ?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அவருடைய சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பெண்கள் கதைத்தால் அது வம்பு. வேலைக்காரனுக்கு ஏசினால் அது நிர்வாகம்.

அடுத்த நாள் காலை வாளித் தண்ணீரை ரொசாலியாவின் காலடியில் கவிழ்த்தேன்.

"எருமை, உன்னை ஆர் கட்டுவாள்?" என்று தொடங்கினா. நூன்சியா என் நடையைப் பிடித்து நக்கலடித்தா. மதியத்துக்குள் என்னை முடித்துவிட்டு மருமகனுக்குப் போய்விட்டார்கள். விரல்கள் தம்பாட்டில் ஓடின. ஒரு கம்பியும் அறவில்லை.

சால்வோ எட்டிப் பார்த்தார். "நல்லாக் குடுங்கோ அவனுக்கு. இப்பதான் ஒழுங்கு வந்திருக்கு."

பிறகு தினமும் ஏதாவது கவிழ்த்தேன். அதற்கு நான் பழகத் தேவையிருக்கவில்லை, பிறவி வரம். ஓர்டர் நேரத்துக்குப் போனது. சால்வோ மிலானுக்குப் போன் எடுத்து, "எங்கடை ரகசியம் அமைதி" என்றார். என் ஒப்பந்தத்திலும் கையெழுத்து வைத்தார்.

இப்போது வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இந்த முட்டாள் சொல்வது: ஏச்சு விழுந்தால் உடனே ரோசப்படாதீர்கள். முதலில் மெஷின் ஓடுகிறதா என்று பாருங்கள்.