ரத்தம் புளித்த பண்ணைக்காரன்

அவனை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. என்னைவிட முப்பது வயது மூத்தவன், செத்தும் பல வருஷம் ஆகிறது. இருந்தாலும் எனக்கு அவன் அவன்தான்.

ஐம்பதுகளில் ஓசூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் வேலை பார்த்தேன். லேப் என்றால் ஒரு மேஜை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, பத்துப் பன்னிரண்டு கண்ணாடிக் குழாய், கண் மங்கிய ஒரு மைக்ராஸ்கோப். இப்போதெல்லாம் மூச்சுத் திணறி வருகிறவனுக்கு மணிக்கட்டில் நாடி துடிக்கிற குழாயிலேயே ஊசி போட்டு ரத்தம் எடுத்து மெஷினில் வைக்கிறார்கள். அமிலம் எவ்வளவு, காரம் எவ்வளவு, கரியமில வாயு எவ்வளவு என்று காபி ஆறுவதற்குள் சீட்டு வந்துவிடுகிறது. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நோயாளியின் மூச்சையும் மூத்திரத்தையும் பார்த்துத்தான் அவன் ரத்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும்.

விஷயம் ஒன்றும் பெரிய சிதம்பர ரகசியம் அல்ல. ரத்தம் எப்போதும் கொஞ்சம் காரமாகவே இருக்க வேண்டும். சர்க்கரை வியாதி முற்றினாலோ, பேதியில் உடம்பு வற்றினாலோ அதில் அமிலம் ஏறும், புளிக்கத் தொடங்கும். அந்தப் புளிப்பைக் கரியமில வாயுவாக வெளியே தள்ள நெஞ்சு படாத பாடு படும். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடும். இரைப்பு இருக்காது, சளியின் கொர்கொர்ப்பும் இருக்காது. ஒரு மைல் ஓடி வந்தவன் வாங்குகிற மூச்சு. ஆனால் ஆள் படுத்த படுக்கையாகக் கிடப்பான். சேலத்தில் பயிற்சி எடுத்தபோது இதைப் படித்தேன். ஆனால் அந்தச் சத்தத்தை அதற்கு வெகுகாலம் முன்பே கேட்டிருந்தேன்.

என் தங்கையிடம் கேட்டது. ஏழு வயசு அவளுக்கு. ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் அவனுடைய பண்ணையில் என் அப்பா ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் பேதியில் தங்கையின் கண் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டு அம்மா அவன் வாசலில் போய் நின்றாள். வாசலில் மாடு அவிழ்த்த இரண்டு வண்டிகள் நின்றன.

“உங்க புள்ள படுத்த வண்டியில நாளைக்கு எங்கூட்டுப் பொம்பளைங்க எப்பிடிடி ஏறுவாங்க? தூக்கிக்கிட்டுப் போங்க” என்றான்.

அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கெலமங்கலம் பாதையில் நடந்தார். பின்னால் நானும் அம்மாவும் ஓடினோம். வழி முழுக்க அவள் அப்படித்தான் மூச்சு வாங்கினாள். ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவனிடம் சொல்வதற்கென்று சில வார்த்தைகளை மனசுக்குள் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தேன்.

வருஷங்கள் கழித்து ஒரு நாள் உச்சிவேளையில் அவனே வந்து சேர்ந்தான். வைக்கோல் பரப்பிய வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். கூட அவன் தம்பி, வண்டி ஓட்டிவந்த ஒரு பண்ணையாள். என் அறை வாசலைத் தாண்டித்தான் வார்டுக்குத் தூக்கிப் போனார்கள். பழுத்து அளிந்த பலாச்சுளை நெடி அவன் வாயிலிருந்து வந்தது. மூச்சைக் கேட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைத்து இப்போது என்ன ஆகப் போகிறது?

காலில் ஆறாத புண் இருந்ததால் டாக்டருக்குச் சர்க்கரை மேல் சந்தேகம். மூத்திரம் பார்க்கச் சொன்னார். தம்பிக்காரன் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, என் கையில் தராமல் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டான்.

நீலக் கரைசலில் விட்டுக் காய்ச்சினேன். நீலம் நீலமாகவே இருந்தது, சர்க்கரை இல்லை. உப்பும் நைட்ரோபுருசைடும் போட்டு மேலே அம்மோனியா விட்டேன். சர்க்கரை முற்றி ரத்தம் புளித்தவனின் மூத்திரத்தில் அசிடோன் இருக்கும், இருந்தால் ஊதா வளையம் வரும். வரவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கொஞ்சமே இருந்தது, கடும் மஞ்சளாக, திக்காக. சர்க்கரைக்காரன் தண்ணீர் மாதிரி குடம் குடமாகப் போவான். இது காலையிலிருந்து வெயிலில் கிடந்து, குடிக்கத் தண்ணீர் இல்லாதவனின் மூத்திரம். என் அப்பாவுடையதும் இப்படித்தான் இருக்கும். தம்பிக்காரன் இதை வண்டி ஓட்டி வந்தவனிடம் வாங்கி வந்திருக்கிறான் என்று புரிந்துவிட்டது.

அந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் வெட்டிய நகத்தைக்கூடப் புதைத்துவிடுவார்கள். உடம்பிலிருந்து போனது பிறத்தியார் கையில் சிக்கினால் ஏவல், சூனியம் வைத்துவிடுவார்களாம். அதிலும் சேரியிலிருந்து வந்த என் கையில் போய்ச் சிக்கலாமா?

‘சர்க்கரை இல்லை. அசிடோன் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஓர் எழுத்துப் பொய் கிடையாது.

டாக்டர் நல்ல மனிதர். ஆனால் ஒரு வாரமாக ஜலதோஷம், மூக்கு அடைத்துப்போயிருந்தது; சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கிற அந்தப் பலாச்சுளை நெடி அவருக்கு எட்டவில்லை. சீட்டைப் படித்துவிட்டு மறுபடி நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார்.

“சர்க்கரை இல்லைன்னா இது இருதயம்தாம்ப்பா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, நர்ஸம்மாவை மார்பியா ஊசி எடுக்கச் சொன்னார்.

இருதயத்தால் வருகிற இரைப்புக்கு அந்தக் காலத்தில் அதுதான் மருந்து. ரத்தம் புளித்தவனுக்கோ அதுதான் எமன். அவனைப் பிடித்து வைத்திருப்பதே அந்த மூச்சுதான். மார்பியா மூச்சை அமர்த்தும், புளிப்பு உள்ளேயே தங்கும், ஆள் போய்விடுவான். எனக்கு இது தெரியும். என் சீட்டை நம்பிய டாக்டருக்குத் தெரிய வழியில்லை. நர்ஸம்மா மருந்துக் குப்பியின் கழுத்தை உடைத்தார்.

நான் கதவில் சாய்ந்து நின்று பார்த்தேன். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. கொடுத்த பாட்டிலைப் பார்த்தேன், இருந்ததை எழுதினேன். அவன் வீட்டார் பார்க்கிற தீட்டே அவனைக் கொண்டுபோகப் போகிறது. இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

ஊசியில் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இப்போது செத்தால் ஒன்றுமே தெரியாமல் சாவான். மேளதாளத்தோடு, பூப்பல்லக்கில் ஜம்மென்று போவான். எதற்காகச் செத்தோம், யார் சாகவிட்டார்கள் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. நான் தேய்த்து வைத்திருக்கிற வார்த்தைகளை யாரிடம் போய்ச் சொல்வது? அதைக் கேட்க அவன் காது உயிரோடு இருக்க வேண்டும். அதற்காகத்தான் வாயைத் திறந்தேன். இரக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

“சார், அந்தப் பாட்டில் இவருது இல்லீங்க.”

டாக்டர் தம்பிக்காரனைப் பார்த்தார். அவன் தெலுங்கில் ஏதோ முனகினான். டாக்டர் ஓர் அதட்டல் போட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். “எங்கண்ணனோடத இவங்க கையில எப்பிடீங்க குடுக்கறது?”

“அடப்பாவி! உங்க அண்ணனை நானே கொன்னிருப்பேனேய்யா!” டாக்டர் ஊசியைப் பிடுங்கித் தட்டில் எறிந்தார்.

ரப்பர் குழாய் வைத்து மூத்திரம் எடுத்தார்கள். தம்பிக்காரன் பாட்டிலோடு மறுபடி ஜன்னல் பக்கம் போனான்.

“கையில குடுங்க” என்றேன்.

அவன் டாக்டரைப் பார்த்தான். “குடுய்யா!” என்று கத்தினார் அவர். கொடுத்தான். வெளுத்து, தண்ணீர் மாதிரி இருந்தது. நீலம் கொதித்துச் செங்கல் நிறமானது. ஊதா வளையம் கறுப்பாகத் தெரிகிற அளவுக்கு அடர்த்தியாக வந்தது. இன்சுலினும் சலைனும் ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் மூச்சு தணிந்தது.

நாலாம் நாள் அவன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். காலையில் பாட்டில் வாங்கப் போனபோது அவனே என் கையில் கொடுத்தான்.

“நீதான் காப்பாத்துனியாமே. நீ யாரு மவன்?”

இதற்காகத்தானே காத்திருந்தேன்? நிதானமாகச் சொன்னேன். “உங்க பண்ணையில ஏர் ஓட்டுனவரு மவன். பேதியில கெடந்த எந்தங்கச்சிக்கு வண்டி கேட்டு எங்கம்மா உங்க வாசல்ல வந்து நின்னாங்க. ரெண்டு வண்டி நின்னுது. நீங்க குடுக்கல. கெலமங்கலம் போறதுக்குள்ள அது செத்துப்போச்சு.”

அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். நடிப்பு இல்லை, உண்மையாகவே யோசித்தான். நானும் காத்திருந்தேன்.

“எந்தப் புள்ளப்பா?” என்றான். “வண்டி கேட்டு எத்தனையோ பேரு வருவாங்க. யாரையின்னு நெனப்பு வெச்சுக்கறது?”

பிறகு தம்பியைக் கூப்பிட்டு, கஞ்சியில் உப்பு போதவில்லை என்றான்.

நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு லேபுக்குத் திரும்பினேன். காய்ச்சிப் பார்த்தேன். சர்க்கரை நன்றாகக் குறைந்திருந்தது, அசிடோன் இல்லை. இருந்ததை இருந்தபடி எழுதினேன். அந்த ஊசியைத் தடுத்ததற்காக அன்றைக்குத்தான் முதன்முதலாக வருந்தினேன். இன்றைக்கும் வருந்துகிறேன்.