தோற்பதற்கு நடந்த போட்டி

கபடி நடுவர்களே, ஜெயித்தவனிடமும் தோற்றவனிடமும் திட்டு வாங்கிப் பழகியவர்கள் நாம். தோற்க முடியாமல் தவித்தவனைப் பார்த்ததுண்டா?

ரூல்ல இருக்குங்களா?

மோகனூர்ப் பக்கம் இரண்டு நாள் போட்டி. ஒரே பிரிவில் ஆடிய நீலச் சட்டை அணியும் மஞ்சள் சட்டை அணியும் செமிக்கு வந்தாயிற்று. அவர்களுக்குள் ஒரு ஆட்டம் மட்டும் பாக்கி. அதில் ஜெயித்து முதலிடம் பிடிப்பவருக்குச் செமியில் எதிரே வருவது அடுத்த பிரிவின் இரண்டாமிடம், அதாவது ஆத்தூர் அணி. முதல் நாள் வண்டி பழுதாகி ஒரு ஆட்டத்தை விட்டதால், அந்தச் சூரர்கள் தங்கள் பிரிவில் இரண்டாமிடம். அவர்களிடம் போய் யார் மாட்டுவது?

நீலச் சட்டைக் கேப்டன் குமரேசன் லாரி பாடி கட்டுகிறவர். காலையிலேயே வந்து, "வேணும்னு தோத்தா ரூல்ல தப்புங்களா?" என்றார். நானும் பெரிய மேதாவியாட்டம், அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்று சொல்லித் தொலைத்தேன்.

"அது போதுமுங்க சார், நீங்க விசிலை மட்டும் ஊதுங்க."

புடிங்கப்பா!

குமரேசன் முதல் வேலையாகத் தன் நல்ல ரைடர் பஷீரை வெளியே உட்கார வைத்தார். பிளஸ் டூ முடித்தவன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஆள் பார்க்க ஒரு காலேஜ் கோச் நோட்டோடு வந்திருந்தார். அந்த சீட் கிடைக்காவிட்டால் பஷீருக்குப் படிப்பு இல்லை, அப்பாவின் பழக்கடைதான். "செமில எறக்கறேன் சாமி" என்று குமரேசன் சமாதானம் சொன்னார்.

நீலச் சட்டை ரைடர் போய் எதிரிகள் நடுவில் நின்றார். ஒருவரும் தொடவில்லை. அட, மஞ்சளும் தோற்கத்தான் வந்திருக்கிறது! "புடிங்கப்பா" என்று கெஞ்சியதில் கபடிப் பாட்டு நின்றுபோய் அவர் அவுட். பதிலுக்கு மஞ்சள் ரைடர் கோட்டைத் தாண்டி வெளியே நடந்துவிட்டார். கூட்டம் ஊளையிட்டது. நான் ஆட்டத்தை நிறுத்தி எச்சரித்திருக்க வேண்டும். காலையில் சொன்ன வார்த்தை வாயைக் கட்டிவிட்டது. ஒருவழியாக நீலச் சட்டை தோற்றது.

கோச் நோட்டை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். "யாருமே ஆடலீங்களே, நான் யார் பேரை எழுதறது?"

கோப்பை கொடுத்த பிறகு

செமியில் பஷீர் ஆடினான் பாருங்கள், ஒரே ரைடில் நாலு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். பார்க்க வேண்டியவர்தான் இல்லை. ஃபைனலில் எதிரே வந்து நின்றது யார்? அதே ஆத்தூர். நீலச் சட்டைக்குச் செமத்தியான அடி.

ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போது பஷீர் வந்து நின்றான். முகத்தில் கோபமே இல்லை.

"ஏனுங்க சார், காலைல நான் வெளிய உக்காந்திருந்தனே, அதுக்கு எந்தப் பக்கமுங்க பாயிண்ட்?"

இருபது வருடமாக எல்லாப் பாயிண்டுக்கும் டக்கென்று கை காட்டுகிற நான், அதற்கு மட்டும் இன்னும் எந்தப் பக்கமும் கையைத் தூக்கவில்லை.