சிவம் அண்ணை நிரப்பாத கோது

இன்று சலவை இயந்திரத்துக்குள் என் காற்சட்டைப் பொத்தான் ஒன்று கழன்று, கண்ணாடியில் கிணுங் கிணுங்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்குப் பித்தளை மணக்கும். சிரிக்காதீர்கள், உண்மையாகவே மணக்கும்.

சுவிஸில் ஷ்லீரன் என்ற ஊரில் நாங்கள் இருந்தபோது எங்கள் மேல்வீட்டுக்காரர் சிவம் அண்ணை. சுவிஸ் கடவுச்சீட்டு கிடைத்த கையோடு பழைய இராணுவத் துவக்கு ஒன்றை வாங்கி, சுடும் சங்கத்திலும் சேர்ந்துவிட்டார். துவக்குக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்த மனிதர்! சனிக்கிழமைகளில் சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளை வெறுங்கோதுகளைப் பொறுக்கி வந்து, காலுறைக்குள் கட்டி, தன்னுடைய சலவை முறை வரும் நாளில் கட்டடத்தின் பொதுச் சலவை இயந்திரத்தில் போடுவார். அடுத்த முறை என்னுடையது. வெடிமருந்து மணக்கும் சட்டையோடு எத்தனை நாள் வேலைக்குப் போயிருப்பேன்!

கழுவிய கோதுகளுக்கு மறுபடி மருந்தும் சன்னமும் வைப்பது கட்டடத்துக்கு அடியிலிருந்த பங்கரில். போர் வந்தால் பதுங்கவென்று இங்கே அநேக வீடுகளுக்குக் கீழே அப்படி ஒன்று இருக்கும். தடித்த கொங்கிரீட் கதவு, உள்ளே உருளைக்கிழங்கும் பனிச்சறுக்குப் பலகையும். ஊரில் பங்கருக்குள் கிடந்தது போதாதென்று நானும் பேச்சுத்துணைக்குப் போவேன். ஒரு கோதை மட்டும் அண்ணை நிரப்பவே மாட்டார். அதன் வாயை உதட்டில் வைத்து ஊதுவார். விசில் சுவரில் பட்டுத் திரும்பி வரும்.

“இதென்ன விளையாட்டு அண்ணை?”

“ஊரில ஆமிக்காரர் சுட்டுப்போட்டுப் போன பிறகு நானும் தம்பியும் கோது பொறுக்கி இப்பிடித்தான் ஊதுவம். நான் ஒருக்கா ஊதினா அவன் ஒருக்கா ஊதுவான். பிறகு அவனைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். இண்டைவரைக்கும் ஒரு பதிலும் இல்லை.”

“இது எதிரொலி அண்ணை.”

“ஓம், எனக்கும் தெரியும். ஆனா அவன் எப்பவும் கொஞ்சம் பிந்தித்தான் ஊதுவான்.”

காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். பிந்தித்தான் வந்தது. அதன் பிறகு உருளைக்கிழங்கு எடுக்கக்கூட அங்கே தனியாகப் போக எனக்குப் பயம்.

அண்ணை மாரடைப்பில் போனார். துவக்கைப் பொலிசார் எடுத்துப் போனார்கள். அந்தக் கோதை அவருடைய மனைவி என் கையில் தந்தார். செத்தவீடு முடிந்த கிழமை, பயத்தை அடக்கிக்கொண்டு கீழே போய், கதவைச் சாத்தி, ஊதினேன். உடனே ஒரு பதில் வந்தது. கொஞ்சம் பிந்தி இன்னொன்று.

இப்போது அந்தக் கட்டடமே இல்லை. இடித்துக் கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். போன மாதம் இரண்டு கார்களுக்கு நடுவே நின்று ஊதிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அண்ணனும் தம்பியும் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள் என்று நினைக்க எனக்கு ஆசைதான். ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுகையாக இருந்தது. அவர்களைக் கூப்பிட இந்த ஊரில் இருந்த ஒரே இடமும் போய்விட்டது.